கிளட்ச் இல்லாத லாரியும் கம்மி பாயும்

எழுபதுகளில் திருவண்ணாமலையில் பழைய லாரி வாங்க நினைத்தவர்கள் இரண்டு பேரிடம் உத்தரவு கேட்பார்கள். ஒருவர் கோயிலுக்குள் இருப்பவர். இன்னொருவர் கம்மி பாய். கோயிலுக்குள் இருப்பவர் சில சமயம் பூ கொடுத்துச் சம்மதம் சொன்னதுண்டு. கம்மி பாய் எந்த லாரிக்கும் சம்மதம் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்போது நான் போளூர் ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. தினமும் பத்து மணிக்கு அவர் வந்து எங்கள் பெஞ்சில் உட்காருவார். ஒல்லியான, நெட்டையான ஆள். காக்கிச் சட்டைப் பையில் இரண்டு வெள்ளைக் கைக்குட்டைகள் வைத்திருப்பார். ஒன்று முகம் துடைக்க, ஒன்று ஆயில் துடைக்க. எது எதற்கு என்பது அவருக்கே எப்போதும் நினைவிருக்காது. முகத்தில் ஒரு கோடு கரி இருந்தால் அன்று காலை எங்கேயோ ஒரு லாரி பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"எப்படி பாய் வண்டி?"

"பவர் கம்மி. புல்லிங் கம்மி. ஆயுசு கம்மி."

வண்டி என்றில்லை, உலகத்தில் எதுவுமே அவருக்குக் கம்மிதான். டீக்கடையில் சர்க்கரை கம்மியாக என்று சொல்லி வாங்குவார். ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்து, "சக்கர கம்மி" என்பார்.

"நீங்கதானே பாய் கம்மியா கேட்டீங்க?"

"கேட்டேன். அதுக்காக இவ்ளோ கம்மியா?"

என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். முன்னூறு என்றேன். "சோறு கம்மியாயிடும்" என்று சொல்லிப் பத்திரிகையைப் பையில் வைத்துக்கொண்டார். அப்படியேதான் ஆயிற்று. கடைசிப் பந்திக்கு உப்புமா கிண்டிப் போட்டோம். முதல் பந்தியில் உட்காரச் சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டும் வராமல், கடைசிப் பந்தியில் உட்கார்ந்து அந்த உப்புமாவைச் சாப்பிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கை கழுவிக்கொண்டு போனார்.

லாரி பார்க்கப் போனால் அவர் முதலில் செய்வது, எஞ்சினை மூடியிருக்கும் முன்மூடியில் உள்ளங்கையை வைப்பது. இரும்பு சில்லென்று இருக்க வேண்டும். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலும் கையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிடுவார். பின்னாலேயே ஓடிவரும் புரோக்கரிடம், "ஜுரக்காரன குளிப்பாட்டி பவுடர் போட்டு கூட்டியாந்தா டாக்டருக்கு என்னா தெரியும்? நாளைக்கி வரேன், ஸ்டார்ட் பண்ணாம வைய்யி" என்பார். புரோக்கர் மாணிக்கத்தின் வண்டி ஒன்றுக்கு இப்படி மூன்று காலை வந்து மூன்று காலையும் திரும்பிப் போனார். அன்றிலிருந்து மாணிக்கம் எங்கள் ஆபீசுக்குள் நுழைவதற்கு முன் பெஞ்சை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நுழைவார்.

இனி என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழுமலை மாமா. மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலை கிராமத்தில் வீடு. பதினாறு வருஷம் லாரி ஓட்டியவர். ஒரு நாள் மூட்டை இறக்கும் இடத்தில், பின்னால் வந்த லாரிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி இடது கால் நசுங்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் முட்டி மடங்கவில்லை, பாதத்தில் பலமில்லை. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் மிதிக்க வலது கால் இருந்தது. கிளட்சை மிதிக்கிற கால் போய்விட்டது. கிளட்சை மிதிக்காமல் கியர் மாற்ற முடியாது. கியர் மாற்றாமல் லாரி ஓட்ட முடியாது. முப்பத்தெட்டு வயசில் மாமா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா ஒருநாள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "ரோட்ல லாரி சத்தம் கேட்டா போதும்டா, இவரு கை தன்னால கியர் மாத்துது. என்னால பாக்க முடியல."

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அப்போதுதான் மாணிக்கம் அந்தச் சேதியோடு வந்தார். எங்கேயோ வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அணை கட்ட வந்தபோது கூடவே கொண்டுவந்த டீசல் லாரி. வேலை முடிந்து ஏலத்தில் விட்டிருந்தார்கள். கை மாறிக் கை மாறி மாணிக்கத்திடம் வந்திருந்தது. அந்த லாரியில் கிளட்சே கிடையாது. ஆட்டோமேட்டிக் கியர். மிதித்தால் தானே மாற்றிக்கொண்டு போகும்.

மாட்டுச் சந்தை மைதானத்தில் நிறுத்தி வைத்திருந்த அதை ஊரே வந்து பார்த்தது. ஓட்டுகிற இடத்துக்குக் கீழே குனிந்து இரண்டே இரண்டு பெடல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, மூன்றாவதைக் கழற்றி விற்றுவிட்டார்கள் என்று சொன்னவர்களும் உண்டு.

நான் போய் மாமாவிடம் சொன்னேன். "கிளட்ச் இல்லியா?" என்றார். இல்லை என்றேன். "நீ பாத்தியா?" பார்த்தேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "கிளட்ச் இல்லியா மச்சான்?" என்றார். மறுநாள் காலை போனபோது இரண்டு வருஷத் தாடியை மழித்திருந்தார். அக்கா ஏரியோரத்துக் காணியை விற்கச் சம்மதித்துவிட்டாள். வீட்டில் இருந்தது அந்த ஒரு காணிதான். அதனால்தான் நான் கம்மி பாயிடம் போனேன். அந்த மாதிரி கியர் பெட்டியை உள்ளே பார்த்தவர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். இளவயதில் ஏதோ ஒரு அணைக்கட்டில் மெஷின்களுக்கு ஆயில் விடும் வேலை பார்த்திருந்தார்.

மறுநாள் விடிந்த கையோடு மைதானத்துக்குப் போனோம், அவரும் நானும் மட்டும். மாணிக்கம் ஏற்கெனவே வந்திருந்தார். முன்மூடி சில்லென்று இருந்தது. பாய் ஏறி மீட்டரைப் பார்த்தார்.

"நாப்பதாயிரம் மைல்தான் பாய் ஓடியிருக்குது" என்றார் மாணிக்கம்.

பாய் பிரேக் பெடலைக் காட்டினார். ரப்பர் தேய்ந்து, இரும்பும் வழவழவென்று தேய்ந்து பளபளத்தது. "மீட்டரு ஒரு சுத்து முடிச்சிட்டு ரெண்டாவது சுத்து வருது. பெடல பாரு."

பிறகு கியர் பெட்டியின் அளவுக் கம்பியை உருவி, நுனியிலிருந்த ஆயிலைக் கைக்குட்டையில் ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்தார். மாதுளம்பழச் சாறு மாதிரி சிவப்பாக இருக்க வேண்டும் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார். துணியில் இருந்தது டிகாக்‌ஷன் நிறம். மோந்து பார்த்துவிட்டு என் மூக்கருகே நீட்டினார். அடி பிடித்த பால் பாத்திரத்தின் நாற்றம் அடித்தது. எஞ்சினைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கியரில் தள்ளிவிட்டு வாய்க்குள் எண்ணினார். வண்டி உடனே ஒரு உதறு உதற வேண்டும். அவர் ஐந்து எண்ணிய பிறகுதான் உதறியது.

மாணிக்கத்தின் காதில் விழாத தூரத்துக்குப் பாய் என்னை அழைத்துப் போனார்.

"பெட்டி தீஞ்சிபோச்சி, கிளார்க்கு. ஜில்லுனு இருக்கறப்ப ஓடும். சூடாயிட்டா எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது. வேணாம்."

நான் தலையை ஆட்டினேன். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே திரும்பினால், மைதானத்தின் ஓரத்தில் அவரே நின்றுகொண்டிருந்தார். அடி அண்ணாமலையிலிருந்து ஒரு மாட்டு வண்டியில் வந்து இறங்கியிருக்கிறார். வெளுத்த சட்டை, நெற்றியில் திருநீறு. காலை இழுத்து இழுத்து லாரியிடம் வந்து, கதவைத் திறந்து, கைகளாலேயே உடம்பைத் தூக்கிச் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"பாய், பாத்துட்டீங்களா? எப்படிங்க?"

கம்மி பாய் வாயைத் திறந்தார். மூடினார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"இன்னும் சந்தேகம் இருக்குது. நீ ஓட்டு நைனா. நான் பக்கத்துல குந்திக்கினு சத்தம் கேக்கறேன்."

அரை மணியில் லாரியின் தலையெழுத்தைச் சொல்லிவிட்டுப் போகிற மனிதர், அந்த லாரியை மூன்று நாள் பார்த்தார்.

மாமா ஓட்டினார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, மலையைச் சுற்றி அடி அண்ணாமலை வழியாக, அக்கா வாசலில் நின்று பார்க்க, ஊர்ப் பிள்ளைகள் பின்னால் ஓடிவர ஓட்டினார். அரை மணிக்கு ஒரு தரம் பாய், "நிறுத்து, ஒரு சத்தம் கேக்குது" என்பார். இறங்கிப்போய் லாரிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே வரமாட்டார். பெட்டி ஆறுவதற்காக என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். ஒருமுறை நான் குனிந்து பார்த்தபோது கைகளைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மாமா இந்த மாதிரி வண்டியை முன்னே பின்னே ஓட்டியதில்லை. எஞ்சின் வீணாகச் சுற்றுகிற சத்தத்தை இதன் சுபாவமே அப்படித்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

"சொல்லிடுங்க பாய்" என்றேன், முதல் நாள் சாயந்திரம்.

"சொல்றேன். என்னா அவசரம்."

இரண்டாம் நாளும் சொல்லவில்லை. டீசல் மாணிக்கத்துடையது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினார். மூன்றாம் நாள் காலை, இன்றைக்கு முடிவு தெரியவில்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றார்.

அன்று பௌர்ணமி. பாய் என்னிடம், "நான் சொன்னா அவன் நம்ப மாட்டான். வண்டியே சொல்லட்டும்" என்றார். சொல்லவைக்க லோடு வேண்டும். எங்களிடம் லோடு இல்லை. அடி அண்ணாமலையைத் தாண்டியதும், பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்து, மிச்சமிருந்த சுற்றையும் முடித்துப் போளூர்ப் பக்கம் ஊருக்குத் திரும்பவேண்டிய கூட்டம் ஒன்று காலை நொண்டியபடி போய்க்கொண்டிருந்தது. பாய் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"ஏறுங்கம்மா. வேங்கிக்காலு வரைக்கும் போறோம். காசு வேணாம்."

முப்பது, நாற்பது பேர் ஏறினார்கள். ஒரு பெரியவர் மட்டும் ஏறாமல் தயங்கி நின்றார். பாயின் குல்லாவைப் பார்த்தும் அவரிடமே கேட்டார்.

"ஏங்க, மிச்சத்த லாரில சுத்தினா புண்ணியம் உண்டுங்களா?"

"உண்டு" என்றார் பாய். "கம்மி."

பெரியவர் யோசித்தார். காலைப் பார்த்துக்கொண்டார். ஏறிவிட்டார்.

இந்தத் தடவை நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை. வேங்கிக்கால் ஏரிக்கரை ஏற்றம் வந்தபோது பெட்டி நன்றாகச் சூடேறியிருந்தது. ஏற்றத்துக்கு முன்னால் பாய் கீழே இறங்கி, சக்கரத்துக்குப் போடுகிற கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, லாரியின் பின்னால் நடந்து வந்தார். பாதி ஏற்றத்தில் எஞ்சின் கத்தியது. மாமா இன்னும் மிதித்தார். இன்னும் கத்தியது. லாரி நின்றுவிட்டது. பிறகு மெல்லப் பின்னால் வரத் தொடங்கியது. மாமா பிரேக் பிடிக்க, பாய் குனிந்து கட்டையைச் சக்கரத்தின் கீழ் தள்ளினார். மேலே இருந்தவர்கள் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று சொல்லிக்கொண்டே இறங்கி, நடந்தே போனார்கள்.

மாமா இறங்கவில்லை. கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"பெட்டி மாத்த முடியாதா பாய்?"

"இதுக்கு சாமான் இந்த ஊர்ல இல்ல நைனா. மெட்ராஸ்லயும் இல்ல. கப்பல்ல வரணும்."

"இது எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

பாய் என்னைப் பார்த்தார். நான் கட்டையைப் பார்த்தேன்.

"மொத நாளே தெரியும்" என்றார்.

"அப்பறம் எதுக்கு மூணு நாளு ஓட்ட உட்டீங்க?"

"ஓட்டினியே. அதுக்குத்தான்."

மாமாவின் முகம் சிவந்தது. "கொழந்த கையில பொம்மய குடுத்து புடுங்கற மாதிரி." இறங்கும்போது பாய் பிடிக்க நீட்டிய கையைப் பிடிக்காமல், கதவைப் பிடித்துச் சறுக்கி இறங்கினார். என்னோடும் பேசாமல், அந்த வழியாக வந்த டிராக்டரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

காணி தப்பியது. அக்கா அதை நினைத்துச் சந்தோஷப்படவும் பயந்தாள். மாமா மறுபடி தாடி வளர்த்தார்.

அந்த லாரியைக் கல்லுடைக்கிற முதலாளி ஒருவர் பாதி விலைக்கு வாங்கினார். ஐந்து மாசம் ஓடியது. பிறகு ஒரு நாள் வேங்கிக்கால் பக்கத்தில் நின்றது நின்றதுதான். அதன் நிழலில் ஆடுகள் படுத்துக்கொண்டன. பாய் சொன்னது சரியாகிவிட்டது என்று ஊரெல்லாம் பேசினார்கள். மாமாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அஞ்சு மாசம் ஓடிச்சா?"

"அஞ்சு மாசம் மாமா."

"அஞ்சு மாசம் நான் ஓட்டியிருப்பேனே மச்சான்."

இதை நான் பாயிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அவர் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டும்வரை குடிக்காமல் வைத்திருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். பத்து நாள் பெஞ்சு காலியாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்த கையோடு ஆபீசுக்கு வந்து, "அடி அண்ணாமலைக்கு வா" என்று என்னை அழைத்துப் போனார். மாமா எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாய் வாசலில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"ஏழுமல, பெட்டி எத்தினி நாள் தாங்கும்னு பாத்தேன். நீ எத்தினி நாள் இப்படியே குந்திக்கினு இருப்பேன்னு நான் பாக்கல. தப்புதான்."

அக்கா உள்ளே பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியது கேட்டது.

"நாளைக்கி ஒரு வண்டி பாக்கணும். சாதா வண்டி. நீ வா" என்றார் பாய்.

"அதுல கிளட்ச் இருக்குமே. நான் வந்து இன்னா பண்றது?"

"கிளட்ச நான் மிதிக்கறேன்."

மாமா திரும்பிப் பார்த்தார். கேலி செய்கிறாரா என்று அவர் முகத்தில் தேடினார். அந்த முகத்தில் கேலி இருந்ததே கிடையாது.

மறுநாள் காலை மைதானத்தில் நடந்ததை மாணிக்கம் சாகும்வரை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் பின்னால் மாமா. அவருடைய நீட்டிய இடது காலைத் தாண்டித் தன் நெட்டைக் காலை உள்ளே நுழைத்து, பாதி உடம்பு மாமா மேல் சாய்ந்தபடி கம்மி பாய். மாமா "இப்ப" என்பார், பாய் மிதிப்பார். மாமா கியரைத் தள்ளி "உடுங்க" என்பார், பாய் விடுவார். முதல் நாள் பெட்டி அலறியதில் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

"எங்க பாத்து மாத்தற நீ?"

"நீங்க சீக்கிரம் உட்டுட்டீங்க பாய்."

"நான் சரியாதான் உட்டேன். உன் கைதான் லேட்டு."

"பிரேக்குக்கு இன்னொரு ஆளு வேணும்னா நான் வரட்டுங்களா?" என்று மாணிக்கம் கீழேயிருந்து கேட்டார். இருவரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

அதன் பிறகு பாய் எந்த லாரி பார்க்கப் போனாலும் மாமாவோடுதான் போனார். இரண்டு மாசத்தில் "இப்ப"வும் தேவைப்படவில்லை, "உடுங்க"வும் தேவைப்படவில்லை. சத்தமே இல்லாமல் கியர் விழுந்தது. ஒருமுறை செங்கம் ரோட்டில் ஒரு கான்ஸ்டபிள் நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்து, யார் டிரைவர் என்று கேட்டார். "அவரு" என்று இருவரும் ஒருவரையொருவர் காட்டினார்கள். கான்ஸ்டபிள் நோட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்து, "ஒரு பேரு எழுதத்தான் எடம் இருக்குது, போங்க" என்று மூடிவிட்டார்.

இது மாமாவுக்குப் பிழைப்பாகவில்லை. மாசத்துக்கு இரண்டு வண்டியோ மூன்று வண்டியோ, ஒவ்வொன்றிலும் அரை மணி. மற்ற நாளெல்லாம் அந்த நாற்காலிதான். காணியிலும் ஏரி நிறைந்த வருஷம்தான் விளைந்தது. பிற்பாடு பாயின் முட்டி வீங்கிக்கொண்டது. கிளட்சை மிதிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். மாமா அதைக் கவனித்து, "ரெண்டாவதுலயே போவலாம் பாய்" என்று கியரே மாற்றாமல் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுவார். இப்படி ஆறேழு வருஷம் போயிற்று.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு பெயரைச் சொல்லி, அவர் மௌத்தாகிவிட்டதாக அறிவித்தார்கள். நீளமான, அழகான பெயர். யாரோ என்று நினைத்து நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் ஓடிவந்து, "நம்ம கம்மி பாய்ங்க" என்றபோதுதான், பத்து வருஷத்துக்கு மேல் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது.

மாமா வந்திருந்தார். பாயின் உடலைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு அவருடைய ஆட்கள் வேகமாக நடந்தார்கள். எங்களால் அவர்களோடு சேர்ந்து போக முடியவில்லை. ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறச் சொன்னேன். மாமா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அந்தக் காலை இழுத்து இழுத்து நடந்தார். முன்னால் போனவர்கள் தெருமுனையில் திரும்பி மறைந்தார்கள். நாங்கள் பின்னால் மெதுவாகவே நடந்தோம். அந்த மனிதரை மண்ணில் வைத்துவிட்டு வருவதற்கு எங்கள் இருவருக்குமே அவசரம் இல்லை.